ஈரக் காற்றும் ஒட்டுப்பலகையும்



நம் வீடுகளில் அலமாரி, சமையலறைப் பெட்டகம், கட்டில், கதவு முதலியவற்றை இந்நாளில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை கொண்டே செய்கின்றனர். கடைத்தெருவில் அதனைப் பிளைவுட் என்றே வழங்குவர். தேக்கும் வேங்கையும் பலாவும் நம் முன்னோர்க்குச் செய்த பணியை இன்று அப்பலகை ஏற்றுக்கொண்டுவிட்டது. மரத்தின் உள்ளீட்டை ‘வைரம்’ என்றும் புறத்தே உள்ள இளம்பகுதியை ‘வெளிறு’ என்றும் பிரித்துப் பெயரிட்ட மொழி நம் மொழி. பழைய தச்சர் ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்த அளவிலேயே அதன் குணம் இன்னதெனக் கூறிவிடுவார். ஆனால் ஒட்டுப்பலகையினிடத்தில் அந்த அறிவு பெரும்பாலும் செல்லுபடி ஆவதில்லை. மேலே அழகிய மரத்தகடு ஒன்று தெரியும். உள்ளே என்ன மரம், அதனினும் முக்கியமாக என்ன பசை, என்பது கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத ஒன்றை எங்ஙனம் தேர்ந்தெடுப்பது? அதிலும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்று காற்றே நனைந்திருக்கும் கடலோர ஊர்களில் எதனை நம்பி வாங்குவது? இவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வீடு கட்டுவோர்க்குரிய செய்தியை மாணவர்களிடம் கூறுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. இவ்வினாவுக்குரிய விடை கடைக்காரரிடம் இல்லை. உங்கள் பௌதிக, இரசாயனப் பாட நூல்களில் இருக்கிறது. அன்றியும், பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்துக்களைப் பல வீடுகளில் படிக்க வல்லவர் நீங்கள் ஒருவரே.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தம் சேமநிதியில் ஒரு பகுதியைச் செலவிட்டுச் சமையலறை முழுவதும் பெட்டகங்கள் அமைத்தார். ‘தண்ணீரிலேயே போட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிக் கடையில் பலகை கொடுத்தனர். இரண்டு கார்த்திகைகள் கடந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் இருந்த கதவுகள் மூட மறுத்தன; பலகையின் அடிவிளிம்பு அப்பம்போல் உப்பி, தகடு தகடாகப் பிரிந்தது. முறையிடலாம் என்று பழைய இரசீதைத் தேடி எடுத்தால், அதில் ‘18 எம்.எம். பிளை’ என்ற சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. என்ன தரம், எந்த நியமத்திற்கு உட்பட்டது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை எந்த நீதிமன்றம் நிறைவேற்றித் தரும்? ஒருவருடைய முப்பதாண்டு உழைப்பில் ஒரு பகுதி அவ்வாறு ஊறிப் போயிற்று.

முதலில் காற்றைப் பற்றிச் சிறிது காண்போம். 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதற்கு மேற்பட்டது நீராகப் படிந்துவிடும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு நீராவி உண்மையில் இருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்று விழுக்காட்டில் குறிக்கிறோம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். அடைமழைக் காலத்தில் ஈரப்பதம் 85 விழுக்காடாக இருக்குமானால், அவ்வறையின் காற்றில் முக்கால் லிட்டருக்கும் மேற்பட்ட நீர், ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியாமல், மிதந்துகொண்டிருக்கிறது. தரையில் சிந்திய நீரைத் துடைத்துவிடுகிறோம். இந்நீரைத் துடைப்பதற்குத் துணி ஏது?

மரம் இந்நீரைப் பருகுகிறது. உயிரோடிருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் பணியைச் செய்த உடம்பு அன்றோ அது? அறுத்து இழைத்த பின்னரும் அதன் நார்களுக்கு நீரின்மேல் உள்ள விருப்பம் போவதில்லை. காற்று உலர்ந்திருக்கும்போது நீரை வெளியிடும். காற்று நனைந்திருக்கும்போது உள்ளிழுக்கும். இரண்டும் சமநிலையுறும் வரை இது நிகழும். 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாயின், 100 கிராம் உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ 9 கிராம் நீர் தங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடாயின் அது 16 கிராம் அளவுக்கு உயரும். இதனைப் பலகைக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். 8 அடிக்கு 4 அடி அளவும் 19 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு பிளைவுட் பலகை ஏறத்தாழ 30 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. மேற்பூச்சின்றி விடப்பட்ட அப்பலகை ஆனி, ஆடி மாதங்களின் உலர்ந்த மேல்காற்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் காற்றுக்கு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 2 லிட்டர் நீரைக் காற்றிலிருந்தே குடித்துவிடக்கூடும். குழாய் ஒழுகவேண்டியதில்லை, கூரை ஒழுகவேண்டியதில்லை. பலகைத் துண்டு ஒன்றைப் பள்ளித் தராசில் ஆடியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

நீரைப் பருகிய மரம் பெருக்கும். இழந்த மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒருபடித்தாக அன்று. பச்சை மரம் முற்றும் உலரும்போது, நார் ஓடும் நீளவாக்கில் அது சுருங்குவது ஆயிரத்தில் ஓரிரு பங்கே. குறுக்குவாட்டில், ஆண்டு வளையங்களின் போக்கில், பல மரங்கள் நூற்றில் ஆறு முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். மழைக்காலத்தில் வாசற்கதவு நிலையில் முட்டிக்கொண்டு திறக்க மறுப்பது இதனாலேதான். கதவின் உயரம் மாறுவதில்லை, அகலம் மாறிவிடுகிறது.

இக்குறையை வெல்வதற்கு மனிதன் கண்ட சூழ்ச்சியே ஒட்டுப்பலகை. கட்டையை நீராவியில் வேகவைத்துக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழற்றுவர். நீண்ட கத்தி ஒன்று அதன்மேல் படிந்து, சுருட்டிய பாயை விரிப்பதுபோல, மெல்லிய தகடாக உரித்துக்கொண்டே வரும். அத்தகடுகளை வெனீர் என்பர். ஒரு தகட்டின் நார் கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்ததன் நார் தெற்கு வடக்காக ஓடுமாறு மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்குவர். ஒரு தகடு அகலத்தில் பெருக்க முயலும்போது, அதன் மேலும் கீழும் உள்ள தகடுகள் தம் நீளவாக்கின் உறுதியால் அதனைப் பிடித்து நிறுத்தும். தகடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருப்பதும், இருபுறமும் இழுவிசை ஒத்திருக்கவேண்டும் என்பதற்காகவே. இக்கருத்து மிகப் பழையது. எகிப்து நாட்டில் சக்காரா என்னுமிடத்தில், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட படிக்கட்டுப் பிரமிடில், ஆறு மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துச் செய்த பிணப்பேழை ஒன்று கிடைத்துள்ளது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒவ்வொரு தகடும் பெருக்கவோ சுருங்கவோ முயல்கிறது. அண்டைத் தகடு தடுக்கிறது. அம்முயற்சிக்கும் இத்தடைக்கும் நடுவில் நின்று, ஓய்வின்றி இழுபடுவது எது? பசை. ஆண்டுதோறும், மழைதோறும், இரவு பகல்தோறும் அது இழுபடுகிறது. எனவே ஒட்டுப்பலகையைப் பற்றி விசாரிக்கும்போது ‘என்ன மரம்?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘என்ன பசை?’ என்பதே முதற்கேள்வி. நம்மவர் முதற்கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஈரமும் பசையும் சேர்ந்து செய்யும் கேட்டைப் போர்க்கால வரலாறு ஒன்று காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ‘மொஸ்கிட்டோ’ என்ற விமானத்தை மரத்தாலும் பிளைவுட்டாலும் செய்தது. 1940ஆம் ஆண்டு முதன்முதல் பறந்த அவ்விமானத்தின் தொடக்ககால இணைப்புகளுக்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்ற புரதத்தால் ஆன பசை பயன்பட்டது. பின்னர் செயற்கைப் பசைக்கு மாறினர். 1944இல் இந்தியாவிலிருந்த இவ்விமானங்களில் சில பறக்கும்போதே உடைந்து வீழ்ந்தன. நம் நாட்டு வெப்பமும் மழைக்காலத்து ஈரமும் பசையைக் கெடுத்தனவா, மரம் சுருங்கி இணைப்புகளை விடுவித்ததா, தொழிற்சாலையில் பொருத்தியதே பிழையா என்று ஆராய்ந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. எக்கருத்து உண்மையாயினும், ஆராய்ச்சியாளர் பார்வை உடனே சென்று நின்ற இடம் பசையும் இணைப்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்றைய பிளைவுட்டில் பெரிதும் பயன்படும் பசைகள் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று யூரியா பார்மால்டிஹைடு. உழவர் வயலுக்கு இடும் அதே யூரியாவிலிருந்து செய்வது. விலை குறைவு, விரைவில் இறுகும், நிறமற்றது. மற்றொன்று பீனால் பார்மால்டிஹைடு. 1907ஆம் ஆண்டில் பேக்லண்ட் என்பவர் கண்டுபிடித்த பேக்லைட்டின் நெருங்கிய உறவு. பழைய வீடுகளில் இருந்த கறுப்பு மின்பொத்தான்களை உங்கள் பாட்டனாரிடம் கேட்டுப் பாருங்கள், அது பேக்லைட். விலை மிகுதி, இறுகுவதற்கு வெப்பம் மிகுதியாக வேண்டும், நிறம் கருஞ்சிவப்பு.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மூலக்கூறுகளின் பிணைப்பில் இருக்கிறது. யூரியாப் பசையில் ஒரு கண்ணியை மற்றொரு கண்ணியோடு சேர்ப்பது கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறு அப்பிணைப்பை மெல்ல மெல்ல வெட்டிவிடும். நீராற்பகுப்பு என்று நீங்கள் படித்தது இதுவே. பீனால் பசையில் பிணைப்பு கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே அமைந்தது. அதனை நீரால் வெட்ட இயலாது, கொதிநீராலும் இயலாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இப்பாடம், ஒரு வீட்டின் சமையலறைப் பெட்டகம் இரண்டாண்டு நிற்குமா, இருபதாண்டு நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டிற்கும் இடையில், யூரியாவோடு மெலமின் என்ற பொருளைக் கலந்து வலுவூட்டிய பசையும் உண்டு.

பசையைக் கண்ணால் காணமுடியாது என்றேன். அதற்காகவே நியமங்கள் ஏற்பட்டன. பொதுப் பயன்பாட்டுக்குரிய பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்பது இந்திய நியமம். 1989இல் வெளிவந்த அதன் திருத்தம் இரு தரங்களை வகுத்தது. முதலாவது எம்.ஆர்., அதாவது ஈரந்தாங்கும் தரம். இதன் துண்டை 60 பாகை வெந்நீரில் 3 மணி நேரம் ஊறவைத்து உலர்த்திப் பிரிகிறதா என்று பார்ப்பர். இரண்டாவது பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீரைத் தாங்கும் தரம். இதனைக் கொதிக்கும் நீரிலேயே 8 மணி நேரம் இட்டு உலர்த்திச் சோதிப்பர். இரு சோதனைகளையும் மும்முறை திரும்பச் செய்வது முறை. படகு முதலியவற்றுக்கென ஐ.எஸ். 710 என்ற தனி நியமம் உண்டு. மரைன் பிளைவுட் என்று பெயர் பெற்ற அது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாதிருத்தல் வேண்டும். நியமங்கள் அவ்வப்போது திருத்தப்படுவன. தரங்களின் பெயர்களும் மாறலாம். ஆகவே பெயரைக் காட்டிலும், அது எந்தச் சோதனையைத் தாங்கியது என்று கேட்டறியும் பழக்கமே பயன் தரும்.

‘வாட்டர் புரூப்’ என்று கடைகளில் வழங்கும் சொல் எந்தத் தரத்தையும் குறிப்பதன்று. மரைன் பலகையையும் நீர் தீண்டாது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் பசை நீருக்கு அஞ்சாது, மரம் மரமே. ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நிற்குமானால், பூசணம் அதனை உண்ணத் தொடங்கும். பிரியாமலே மட்கிப்போன மரைன் பலகையை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியில் அறிவியல் கழக மாணவர்கள் ஒருமுறை இதனைச் செய்து பார்த்தனர். தச்சர் பட்டறையிலிருந்து வெவ்வேறு கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டு, பள்ளியின் பின்புறத் திறந்த வெளியில் ஒரு பழைய தகர டின்னில் நீரூற்றிக் கொதிக்கவைத்தனர். ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு துண்டுகள் சீட்டுக்கட்டுப்போல் பிரிந்து மிதந்தன. ஏனையவை நான்கு மணி நேரம் கடந்தும் அப்படியே இருந்தன. விறகு அத்துடன் தீர்ந்துவிட்டது. அப்போது அவர்களிடம் ஒரு வினாவை எழுப்பினேன்: பிரிந்தது தாழ்ந்த தரம் என்று கூறலாம், பிரியாதது நியமத்தில் தேறிவிட்டது என்று கூறலாமா? கூடாது. எட்டு மணிச் சோதனையில் நான்கு மணி நேரம் தாங்கியது, பாதிப் பாடம் ஒப்பித்ததற்குச் சமம். ஆயினும் கடையில் ‘கொதிநீர் தாங்கும்’ என்று கொடுத்த பலகை ஒரு மணியில் பிரியுமானால், அவ்வொரு மணி நேரமே போதிய சாட்சி. இதனை நீங்கள் செய்வதாயின் வீட்டுக்குள் செய்யாதீர்கள். சமைக்கும் பாத்திரத்தையும் எடுக்காதீர்கள். கிளம்பும் ஆவி கண்ணையும் தொண்டையையும் வருத்தும்.

ஒவ்வொருவரும் கொதிக்கவைத்துப் பார்க்க இயலாதன்றோ? ஐ.எஸ்.ஐ. முத்திரை அதற்காகவே இருக்கிறது. 1947இல் தோன்றிய இந்திய நியம நிறுவனம் 1987 முதல் இந்திய நியமங்கள் செயலகமாக இயங்கிவருகிறது. முத்திரைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. முத்திரைக்கு மேலே நியமத்தின் எண் இருக்கும். அருகே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரையைப் போலியாக அச்சிடுவது எளிது. ஆதலின் உரிம எண்ணை அச்செயலகத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் இட்டு, அது எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த நியமத்துக்கு வழங்கப்பட்டது என்று பார்க்கலாம். பிளைவுட்டுக்கு இம்முத்திரையைக் கட்டாயமாக்கும் அரசாணை 2025இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆணை வந்துவிட்டது என்பதற்காக நாம் பார்ப்பதை விட்டுவிடலாகாது.

பசைக்கு அடுத்தது உள்ளீடு. பலகையின் முகத்தைப் பார்த்து வாங்குவோர் மிகுதி. நான் கூறுவது, அதன் பக்கத்தைப் பாருங்கள். நான்கு விளிம்புகளிலும் தகடுகள் ஒரே கனத்தில், இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓடவேண்டும். சில பலகைகளின் விளிம்பில் புட்டி அடைத்துச் சாயமும் பூசியிருப்பர். அங்ஙனமாயின் ஒரு பலகையை அறுத்துக் காட்டச் சொல்வதே வழி. அறுவாய் பொய் சொல்லாது. பலகை முழுவதும் விரல் மூட்டால் தட்டிக்கொண்டே சென்றால், உள்ளே பொள்ளல் உள்ள இடத்தில் ஓசை மாறும். அப்பொள்ளல்களே ஈரம் தங்கும் கிணறுகள். திருகாணி பிடிக்காத இடங்களும் அவையே.

மரத்தைப் பற்றிச் சுருங்கக் கூறிவிடுகிறேன். அரியானா மாநிலத்து யமுனாநகர்ப் பகுதியில் செய்பவை பாப்லர், யூக்கலிப்டஸ் மரங்களால் ஆனவை. கேரளத்துப் பெரும்பாவூர்ப் பக்கத்தில் ரப்பர் மரம் மிகுதி. நம் மாநிலத்தில் மலைவேம்பு பயிரிட்டு இத்தொழிலுக்கு அனுப்புகின்றனர். கர்ஜன் என்ற மரத்துக்குக் கடைத்தெருவில் பெருமதிப்பு உண்டு. அது பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. 2014இல் அந்நாடு உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்த பின்னரும் ‘கர்ஜன்’ என்ற பெயர் மட்டும் குறையாமல் விற்பனையாகிறது. செந்நிறச் சாயம் மலிவாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதியாகலின், போரான் உப்புகள் போன்ற மருந்தேற்றாவிடில் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். மருந்தேற்றியதா என்று கேட்கவேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். வீடு முழுவதற்கும் மரைன் பலகையே வேண்டும் என்று சொல்லும் கடைக்காரரையும், எல்லாவற்றுக்கும் எம்.ஆர். போதும் என்று சொல்லும் மேஸ்திரியையும் நான் ஒருங்கே ஐயுறுகிறேன். கடலோர ஊரில், வீட்டின் நடு அறையில், உட்சுவரை ஒட்டிய புத்தக அலமாரிக்கும் கட்டிலின் தலைப்பலகைக்கும் நல்ல எம்.ஆர். பலகை போதும். சமையலறைக்கும், வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டிய துணி அலமாரிக்கும் கொதிநீர் தாங்கும் தரம் வேண்டும். குளியலறைக் கைகழுவும் தொட்டியின் கீழும், சமையலறைப் பெட்டகத்தின் அடித்தட்டுக்கும் மரைன் தரம் தகும். பாத்திரத் தொட்டியின் கீழே மட்டும் எப்பலகையும் வேண்டாம் என்பது என் கருத்து. நம் பாட்டிமார் சமையலறைகளில் கடப்பைக் கல்லைப் பதித்துத் தட்டுகள் அமைத்திருந்தனர். அதற்கு ஊறவும் தெரியாது, உப்பவும் தெரியாது. முகப்புக் கதவை மட்டும் பலகையில் போட்டு, உள்ளே கல்லாகவே விட்டுவிடலாம். அழகு கெடுவதாக நகரத்து அலங்காரக்காரர்கள் சொல்வர். கதவைத் திறந்து தொட்டியின் அடியைப் பார்க்க எந்த விருந்தினர் வருகிறார்?

மரத்தூளையும் நார்க்கூழையும் அழுத்திச் செய்யும் துகட்பலகை, எம்.டி.எப். ஆகியவை மலிவானவை, வழவழப்பானவை. அவற்றில் சாதாரண வகை நீர் பட்டு உப்பினால், காய்ந்த பின்னும் பழைய கனத்துக்குத் திரும்பாது. 2015 டிசம்பரில் சென்னை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்த பின் என் உறவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முழங்கால் அளவுக்கு நீர் நின்ற அறையில் துகட்பலகை மேசையின் கால்கள் ஊறிய ரொட்டிபோல் கையோடு வந்தன. அதே அறையிலிருந்த பிளைவுட் அலமாரி மைக்காவை மட்டும் இழந்து நின்றது.

நல்ல பலகையை வாங்கிய பின்னரும் அதனைக் கெடுப்பதற்கு வழிகள் உண்டு. மரம் நீரைப் பருகும் வாய், அதன் முகத்தில் இல்லை. நார்கள் அறுபட்ட விளிம்பில் இருக்கிறது. குழாய் நுழையத் துளைத்த துளை, கீல் பொருத்தக் குடைந்த குழி, தரையைத் தொடும் அடிவிளிம்பு ஆகியவை யாவும் வாய்களே. கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்புக்குப் பட்டை ஒட்டி, தெரியாத அடிவிளிம்பையும் பின்விளிம்பையும் அப்படியே விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தரத்தை ஒருபடி உயர்த்தச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இவ்விளிம்புகளுக்கு இருமுறை வார்னிஷ் பூசச் செலவிட்டால், பலன் அதனினும் மிகுதி. அறுத்த அன்றே, பொருத்துவதற்கு முன், பூசவேண்டும். பொருத்திய பின் தூரிகை அங்கே நுழையாது.

பலகையின் ஒருபுறம் மைக்கா ஒட்டி மறுபுறம் வெறுமனே விட்டால், வெறும்புறம் ஈரத்தைப் பருகிப் பெருக்கும். மூடிய புறம் அப்படியே இருக்கும். கதவு வில்லாக வளையும். உட்புறத்திலும் மெல்லிய மைக்காவேனும் ஒட்டிச் சமன் செய்தல் வேண்டும். சுவரின் ஈரத்தை ‘ஓதம்’ என்பது நம் வழக்கு. கடல் அலைக்கும் அதுவே பெயர் என்பது கடலோரத்தார்க்குப் பொருத்தமே. ஓதமுள்ள சுவரில் அலமாரியின் முதுகை ஒட்டி அறையலாகாது. இடையில் விரல் நுழையும் அளவு காற்று ஓடவேண்டும். புதிதாகப் பூசிய சுவர் நன்கு உலரும் வரை காத்திருக்கவேண்டும். கிரகப்பிரவேச நாளை முதலில் குறித்துவிட்டு, ஈரச் சுவரில் பெட்டகம் பொருத்துவோரை ஆண்டுதோறும் காண்கிறேன். பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் சுவரையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

புதிய பலகையிலிருந்து வரும் மூக்கைத் துளைக்கும் நெடியைப் பற்றியும் கூறவேண்டும். அது பார்மால்டிஹைடு வாயு. 2004ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. யூரியாப் பசையிலிருந்து இது மிகுதியாகவும், பீனால் பசையிலிருந்து மிகக் குறைவாகவும் வெளிப்படும். வெப்பமும் ஈரமும் கூடினால் வெளிப்படுவதும் கூடும் என்பதை, மேலே சொன்ன நீராற்பகுப்பை நினைவுகூர்ந்தால் நீங்களே உணர்வீர்கள். குழந்தை உறங்கும் அறையில் புதிய அலமாரி அமைத்து, சன்னல்களைச் சாத்திக் குளிர்சாதனத்தை ஓடவிடுவது எவ்வளவு பொருந்தாச் செயல்! வாயு குறைவாக வெளிவரும் பலகைகளுக்கு இ-1, இ-0 என்ற குறிகள் இடுகின்றனர். அவற்றைக் கேட்டு வாங்கலாம். பொருத்திய பின் சில வாரங்களேனும் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வைத்துக் காற்றோடவிட்டு, அதன் பின்னரே அவ்வறையில் படுக்கை விரிக்கலாம்.

உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இரசீதில் கனத்தோடு தரமும், நியம எண்ணும், உரிம எண்ணும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். பெரியவர்கள் தயங்கினால் நீங்கள் பணிவோடு கேளுங்கள். முத்திரை உள்ள மூலையை அறுத்து எறியாமல், அந்தக் கையகலத் துண்டை இரசீதோடு வைத்திருக்குமாறு தச்சரிடம் சொல்லுங்கள். பலகைகள் வந்திறங்கியதும் சுவரில் சாய்க்கவிடாமல், சட்டங்களின்மேல் படுக்கவாக்கில் அடுக்கச் செய்யுங்கள். வேலை முடிந்த பின்பு, ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில், மழை தொடங்குமுன், தொட்டியின் கீழேயும் அலமாரிகளின் அடியிலும் கையை விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். எங்கேனும் பட்டை கிளம்பி விரலில் தட்டுமானால், அன்றே அதனை உலர்த்தி ஒட்டிவிடுங்கள்.